ஒன்பது மாத அனுபவம் பாக்கி

பொம்மி, சாப்பிட்டாயா? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டால் "வந்துடுடி" என்று என் வாய் சொல்லிவிடும். முந்தாநாள் நீ வேலையை விட்டுவிட்டுச் சுரக்குடிக்கே வந்துவிடுகிறேன் என்று சொன்னபோது தொண்டை வரைக்கும் அதுதான் வந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. காகிதத்தில் எழுதினால் ஒரு சௌகரியம், தப்பாக வந்ததை அடித்துவிட்டு எழுதலாம். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் ஆபீசில் உன்னைப்போலத் தொழில் பழக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் ஊரில் ஒரு அம்மா இருப்பாள்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன், சரியா பார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து உன் முன்னால் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் மடியில் குழந்தை. சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள், பிள்ளையை என்ன படிக்கவைக்க ஆசை, எல்லாம் நீயே கேட்டாய். உனக்குத் தொழில் பழக்குகிற மேடம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. உங்களுக்கு அப்புறம் உங்கள் வீட்டம்மா என்ன பண்ணுவார்கள் என்கிற கேள்வி. உனக்குக் குரல் வரவில்லை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனவள் திரும்பி உள்ளே போகவே இல்லை. மேடம் திட்டவில்லை. மாதக் கடைசிக்குள் யோசித்துச் சொல், இருப்பதென்றால் இரு, போவதென்றால் போ, வருத்தம் இல்லை என்றார். அந்த மலையாளத்து அம்மாளுக்கு நல்ல மனசு. மாதக் கடைசிக்குள் நீ என்ன சொல்லப் போகிறாய் என்பதற்காகத்தான் நான் இதை எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகி சார்ஜாவுக்குப் போனபோது, குடும்பங்களின் பணத்துக்கு வழி சொல்கிற இந்தப் படிப்புக்குப் பரீட்சையெல்லாம் எழுதித் தேறியிருந்தாய். அது போதாது, மூன்று வருஷ அனுபவமும் இருந்தால்தான் பட்டம் கொடுப்பார்கள் என்றாய். எனக்குப் புரியவில்லை. அரிசியும் உளுந்தும் ஊறினபிறகு மாவு ஆட்டாமல் எங்கே போகும் என்று நினைத்தேன். முதல் வருஷம் வேலைக்கு அனுமதிக் காகிதம் வராமல் வீட்டிலேயே இருந்தாய். அப்புறம் ஒரு அத்தர் கடையில் கணக்கு எழுதினாய். அது இந்த அனுபவத்தில் சேராது என்று சொன்னபோது உன்னைவிட உன் அப்பாவுக்குத்தான் கோபம். "கணக்கு எழுதுனது கணக்குல சேராதா?" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். அப்புறம்தான் மேடத்தின் ஆபீஸ் கிடைத்தது. ஆட்களுக்குப் போன் பண்ணி நேரம் வாங்குவது, அவர்கள் பேசுவதை மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது, எழுதியதை வைத்து அவர்களுக்கு ஒரு வழி போட்டு மேடத்திடம் காட்டுவது. காசு எண்ணுகிற வேலைதானே என்று நான் கேட்டதற்கு, "காச கம்ப்யூட்டர் எண்ணிக்கும்மா, நான் ஆளைப் பாக்கணும்" என்றாய். அன்றைக்குத்தான் உன் வேலை மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

அந்தக் கேள்விதான் உனக்கு முதலிலிருந்தே முள். இங்கிலீஷில் கேட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது, தமிழில் கேட்டால் சாபம் விடுகிற மாதிரி இருக்கிறது என்று அழுதாய். ஒருத்தர், மதுரைக்காரர் என்று நினைக்கிறேன், "முதல்ல வாயக் கழுவிட்டு வாம்மா" என்று எழுந்து போய்விட்டாராமே. அதற்கு உன் அப்பா வழி சொன்னார். என்னிடம் கேட்டுப் பழகு என்றார். காரைக்கால் அம்பகரத்தூர் பஸ்ஸில் ஆயுசில் பாதியைக் கண்டக்டராகக் கழித்தவருக்கு ஆட்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒரு ஆளாக மாறிவிடுவார். ஒரு நாள் கருக்களாச்சேரிப் படகு முதலாளி. "எனக்கு அப்புறமா? எனக்கு அப்புறம் என் படகு ஓடும்மா, டீசல மட்டும் நீ போடு!" ஒரு நாள் கஞ்சப்பயல். "இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா காசு கேப்பியா?" நீ அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், ப்ளீஸ் சார், உக்காருங்க சார்" என்பாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது நாடகம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அவருக்கும் முதலில் வாய் வரவில்லை, தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் "டிக்கெட்" என்று கேட்கக் கூச்சம். தெரிந்த முகமாக இருந்தால் அப்படியே தாண்டிப் போய்விடுவார். தன் தாய்மாமனிடம் கேட்க முடியாமல் தானே டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்தாராம். மாமன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள, திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போட்டுடு" என்றாராம். அதற்கப்புறம்தான் கேட்கப் பழகினார். கடைசிக் காலத்தில் அவர் "டிக்கெட்" என்று குரல் விட்டால் திருநள்ளாறு கடைத்தெருவில் தூங்குகிறவன் எழுந்து காசை எடுப்பான். கேட்டுக் கேட்டுத்தான் குரல் வந்தது.

இப்போது அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதைப் பற்றி நாம் இருவரும் பேசவே இல்லை. அன்றைக்கு அவர், "இன்னிக்கி வேஷம் கெடயாது. நான் நானாத்தான் உக்காந்திருக்கேன். கேளு" என்றார். நீயும் கேட்டாய். பென்ஷன் கேட்டாய், வயல் கேட்டாய், மருந்துச் செலவு கேட்டாய். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். அந்தக் கேள்வியையும் கேட்டாய். உங்களுக்கு அப்புறம் உங்க வீட்டம்மா என்ன பண்ணுவாங்க? நல்ல குரலில், தடுமாறாமல் கேட்டாய் பொம்மி. நான் அப்போது சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தார். "அவளா..." என்று ஆரம்பித்தார். நான் எண்ணெய்க் கையோடு போனைப் பிடுங்கிவிட்டேன். "வெளக்கு வெக்கிற நேரத்துல அப்பன்கிட்ட கேக்குற கேள்வியாடி இது? இதக் கத்துக்கத்தான் அங்க போனியா?" என்று கத்திவிட்டு வைத்தேன். அவர் கோபப்படவில்லை. "புள்ள தொழில் பழகுது. வந்த கஸ்டமர வெரட்டி விட்டுட்டியே" என்றார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. போனில் படிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு விளக்கை ஏற்றினேன். அடுத்த வெள்ளி உனக்கு ஆபீசில் வேலை. அதற்கடுத்த வெள்ளிக்கு அவர் இல்லை. காலையில் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

நீ விமானம் பிடித்து வந்து அவரைப் பார்த்து விழுந்து அழுதபோது நானும் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அழுகையில் என் வாயில் என்னென்னவோ வந்தது. "கேட்ட வாயி பலிச்சிடுச்சே" என்றும் வந்தது. சொன்னது எனக்கே நினைவில்லை. பக்கத்தில் இருந்த உன் பெரியம்மா அப்புறம் சொல்லித்தான் தெரியும். ஆனால் நீ கேட்டிருக்கிறாய். முந்தாநாள் நீ அதைச் சொல்லவில்லை. அப்பா ஞாபகம் வருகிறது, அம்மா தனியாக இருக்கிறாள் என்றுதான் சொன்னாய். எனக்குத் தெரியும் பொம்மி. நீ கேட்டதால்தான் அப்பா போனார் என்று உன் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. உட்கார வைத்தவள் நான். அதை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியவளும் நான்தான். அவருக்கு நெஞ்சில் அடைப்பு இருந்தது, டாக்டர் போன வருஷமே மாத்திரை கொடுத்தார், அவர் பாதி நாள் போடவில்லை. உன் கேள்விக்கும் அதற்கும் ஒரு நூல் சம்பந்தம்கூட இல்லை. அழுகிறவள் வாயில் வருவதை யாரும் மனதில் வைக்கக் கூடாது. நீயும் வைக்காதே.

நீ திரும்பிப் போனபிறகு பென்ஷன் விஷயமாக நான் பேங்குக்குப் போனேன். கார்டு என் கையில் இருக்கிறது, அதற்கு நம்பர் தெரியாது. நாமினி யாரும்மா என்றார்கள், அது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை, உன் வயசுதான் இருக்கும். "அய்யா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. என் புருஷனை ஒருத்தி குறை சொல்கிற மாதிரி. அவர் சொல்லத்தான் வாயைத் திறந்தார், நான்தான் மூடினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கேட்காத கேள்வி என்ன செய்யும் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

இனி ஒரு சிரிப்புச் சமாச்சாரம். கருமாதி அன்றைக்குச் சமையல்கட்டில் உன் பெரியம்மா, "புள்ள ஏன் இவ்வளவு அவசரமா நாளைக்கே கெளம்புது" என்று கேட்டாள். "அதுக்கு இன்னும் ஒம்போது மாச அனுபவம் பாக்கி இருக்குக்கா, அத வாங்காம விட மாட்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கப்புறம் உன் பெரியப்பா இந்தப் பக்கமே வரவில்லை. போன வாரம் ஒரு நாள் மத்தியானம் இருவரும் வந்தார்கள். நாற்காலி போட்டேன், பெரியப்பா உட்காரவில்லை.

"ஏம்மா, தம்பி போயி ஒரு மாசம் ஆவல. அதுக்குள்ள புள்ள அனுபவம் கேக்குதாமே?"

"ஆமாங்க மாமா. இன்னும் ஒம்போது மாசம் பாக்கியாம்."

"ஒம்போது மாசமா? அது என்ன கணக்கு? குறுவையும் தாளடியும் சேத்தா?"

"எனக்கென்ன மாமா தெரியும்? மேடம் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லுமாம்."

"எந்த மேடம்? தாசில்தாரா?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் துண்டை உதறினார். "நெலம் என் அனுபவத்துலதான் இருக்கு, இல்லேங்கல. தம்பி பங்கு நெல்லு ஒரு வருஷமாவது வீட்டுக்கு வராம இருந்துருக்கா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா குடுக்க மாட்டனா? வெளிநாட்டுல உக்காந்துகிட்டு மேடத்த விட்டுக் கேக்கணுமா?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாகம் பிரிக்காத நிலத்தை யார் உழுது சாப்பிடுகிறார்களோ அவர்கள் அனுபவம் என்றுதானே பத்திரத்தில் எழுதுகிறார்கள். அவருக்குத் தெரிந்த அனுபவம் அது ஒன்றுதான்.

"அய்யோ மாமா, நெலத்து அனுபவம் இல்ல! வேல அனுபவம்!"

"வேலையில என்னம்மா அனுபவ பாத்தியத?"

"நான்தான் அப்பவே சொன்னனே, சரியா வெசாரிச்சுகிட்டுப் பேசுங்கன்னு" என்றாள் பெரியம்மா.

"வந்து சொன்னதே நீதானடி!"

உன் அப்பா போனபிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பெரியப்பா உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சரி, வெளிநாட்டுல போயிப் பழகுற அளவுக்கு அது என்னதாம்மா வேல?" என்றார். எனக்கு வட்டி, முதலீடு என்றெல்லாம் சொல்ல வருமா? வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்களுக்கு அப்புறம் அக்கா என்ன பண்ணும்னு கேக்குற வேலதாங்க மாமா."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எழுபது வயது மனுஷனிடம் கேட்கிற பேச்சா? அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அவளுக்கென்ன, புள்ளைங்க இருக்கானுவ" என்றார். பெரியம்மா விடவில்லை.

"இருக்கானுவ. ஒருத்தன் திருப்பூர்ல இருக்கான், ஒருத்தன் பொண்டாட்டி பேச்சுல இருக்கான். பேங்கு புத்தகம் எந்தப் பொட்டியில கெடக்குன்னாவது எனக்குத் தெரியுமா?"

"கேட்டா சொல்ல மாட்டனா?"

"நாப்பது வருஷமா நீங்க சொல்லுவீங்கன்னு நானும், நான் கேப்பேன்னு நீங்களும் உக்காந்துருக்கோம்."

பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை பொம்மி. வாயைக் கழுவு என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போனார்கள். சாயங்காலம் பெரியம்மா புதுக் கல்யாணப்பெண் மாதிரி வந்து நின்றாள். கார்டு போட்டு அவளே பணம் எடுத்தாளாம், நாலு நம்பரையும் மனப்பாடம் பண்ணிவிட்டாளாம். என்னிடமும் சொல்ல வந்தாள். வேண்டாம்க்கா, அதைச் சொல்லக் கூடாது என்றேன். "நீ யாருடி, வேத்தாளா?" என்று கோபம் வேறு. பெரியப்பா உன்னிடம் சொல்லச் சொன்னது ஒன்றுதான். அந்த அனுபவத்தை முழுசாக வாங்கிக்கொண்டு வரச் சொல். இந்த நிலத்து அனுபவம் எங்கும் போகாது, அப்படியே இருக்கும்.

அதனால் சொல்கிறேன், கேள். நீ இங்கே வந்தால் என்ன ஆகும்? காரைக்காலில் இந்த வேலை பழகிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? மிச்சமுள்ள ஒன்பது மாதத்துக்குச் சென்னைக்குத்தான் போவாய். அப்போதும் நான் இங்கே தனிதான், மாப்பிள்ளை அங்கே தனி, நீ நடுவில் தனி. ஒரு வீட்டுத் துக்கத்தை மூன்று வீடாகப் பிரித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒன்றும் குறை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மத்தியானம் தேவலை. விளக்கு வைத்தபிறகு வீடு பெரிசாகிவிடுகிறது. அதை நீ வந்தாலும் சின்னதாக்க முடியாது. அது நானே பழக வேண்டியது. எனக்கும் இது புதுத் தொழில், எனக்கும் அனுபவம் பாக்கி இருக்கிறது.

மேடத்திடம் இருக்கிறேன் என்று சொல். அந்தப் புருஷன் பெண்டாட்டியை மறுபடி வரச்சொல்லு. முன்னே செய்த மாதிரி புருஷனையே பார்த்துக் கேட்காதே, நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பெண் பக்கமும் திருப்பிப் போடு. தமிழில் சாபம் மாதிரி இருக்கிறது என்றாயே, நான் யோசித்து வைத்திருக்கிறேன். இப்படிக் கேட்டுப்பார். "நீங்க ஊர்ல இல்லாத மாதிரிதான், ஆனா போன் பண்ணுனா எடுக்க மாட்டீங்க. அப்ப அவங்க யாரக் கேப்பாங்க?" வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். புருஷன் ஊரில் இல்லாமலே குடும்பம் நடத்திப் பழகியவர்கள்தானே அவர்கள் வீட்டுப் பெண்கள். போன் எடுக்காததுதான் புதிது. எனக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். விளக்கு வைக்கிற நேரமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடு, அது என் ஆசை. கேட்டபிறகு நீ பேசாதே. காகிதத்தைப் புரட்டாதே, தண்ணீர் எடுக்கப் போகாதே. அவர்கள் சிரித்தாலும் சரி, என்னைப்போல ஒருத்தி எழுந்து கத்தினாலும் சரி, பதில் வருகிற வரைக்கும் உட்கார்ந்திரு. நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

நீ முதல்முறை சார்ஜாவுக்குக் கிளம்பினபோது திருச்சி ஏர்போர்ட் வாசலில் உன் அப்பா சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஊதி, "போலாம் ரைட்" என்றாரே, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களே, நீ வெட்கத்தில் உள்ளே ஓடினாயே. போன தடவை கருமாதி முடித்து நீ கிளம்பும்போது அதைச் சொல்ல ஆள் இல்லை. நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். விசில் இதோ மேஜையில்தான் இருக்கிறது. எனக்கு ஊத வரவில்லை, காற்றுதான் வருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். போலாம் ரைட், பொம்மி.

கேட்கக் கூடாது என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். ஆனாலும் ஆள் பார்க்கிற தொழில் படித்தவள் நீ, அவர் மகள் வேறு, உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்? அன்றைக்கு நான் போனைப் பிடுங்காமல் இருந்திருந்தால், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "அவளா..." என்று ஆரம்பித்தாரே, அதற்கு அப்புறம் உன் அப்பா என்ன சொல்லியிருப்பார்?